நிறம் போனால் தண்ணீர் நல்லதாகிவிடுமா?



இந்த முறை வந்த கடிதங்களில் ஒன்று நான்கு பக்கம். சென்னிமலைப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

கேள்வி: எனக்கு நாலரை ஏக்கர் தோட்டம். ஒரு ஏக்கர் தென்னை, மீதியில் சோளத்தட்டு, கடலை, கொஞ்சம் சின்ன வெங்காயம். மாசி பிறந்தால் கிணற்றில் அடிமண் தெரிகிறது. தோட்டத்துக்கு மேற்கே ஒரு சாயப்பட்டறை இருக்கிறது. புதிதாகச் சவ்வு வடிகட்டி வைத்திருக்கிறார்களாம். அதில் வடித்த தண்ணீரைக் குழாய் போட்டு வேலி வரைக்கும் இலவசமாகக் கொண்டுவந்து தருகிறோம், ஒரு சம்மதக் கடிதத்தில் மட்டும் கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரர் இரண்டு பேர் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். தண்ணீரை டம்ளரில் பிடித்துப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி இருக்கிறது, வாடையும் இல்லை. பையன், "இப்பவெல்லாம் டெக்னாலஜி வந்துருச்சுங்கப்பா, போட்டுக் குடுங்க" என்கிறான். எனக்கு மனசு ஒப்பவில்லை. அவர்கள் கொடுத்த சோதனைச் சீட்டின் நகலை வைத்திருக்கிறேன். பாய்ச்சலாமா, கூடாதா?

பதில்: கையெழுத்துப் போடாதீர்கள். நீங்கள் அனுப்பிய சீட்டை வைத்துப் பார்த்தால், இந்தத் தண்ணீர் உங்கள் வெங்காயத்துக்கும் ஆகாது, கடலைக்கும் ஆகாது, உங்கள் கிணற்றுக்கும் ஆகாது. பையன் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. சவ்வுத் தொழில்நுட்பம் நல்ல தொழில்நுட்பம்தான். ஆனால் 'சவ்வு' என்ற ஒரே பெயரில் நான்கு விதமான சரக்கு இருக்கிறது. பட்டறைக்காரர் வைத்திருப்பது எது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சவ்வு என்பது பாலிமர், அதாவது பிளாஸ்டிக் இனத்துப் பொருளால் செய்த மெல்லிய வடிதுணி. நாம் சொட்டுநீருக்குப் போடும் குழாய் பாலிஎத்திலீன், நைலான் கயிறு பாலிஅமைடு. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் இதுவும். சேமியா போல உள்ளே துளையுள்ள இழைகளாகச் செய்து கட்டுக்கட்டாக வைப்பார்கள். அல்லது தாளாகச் செய்து, பாயைச் சுருட்டுவதுபோலச் சுருட்டி நீளமான உருளைக்குள் செருகுவார்கள்.

இதில் நம் ஆள் ஒருவருக்குப் பெரிய பங்கு உண்டு. 1960-ஐ ஒட்டி அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் சிட்னி லோப் என்பவரும், இந்தியாவிலிருந்து போன சீனிவாச சௌரிராஜனும் சேர்ந்துதான் உப்பைப் பிரிக்கும் சவ்வை நடைமுறைக்கு ஆகும்படி செய்து காட்டினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள் செல்லுலோஸ் அசிட்டேட். செல்லுலோஸ் என்றால் மரக்கூழிலும் பருத்தியிலும் இருப்பது. பருத்தித் துணிக்குச் சாயம் போட்டதால் கெட்ட தண்ணீரைப் பருத்திக்குச் சொந்தக்காரப் பொருள் ஒன்று சுத்தம் செய்யக் கிளம்பியது என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்று பெரும்பாலும் பாலிஅமைடு பூசிய சவ்வுதான் ஓடுகிறது.

இனி அந்த நான்கு விதத்துக்கு வருவோம். துளையின் அளவுதான் வித்தியாசம்.

முதலாவது மைக்ரோ ஃபில்ட்ரேஷன். தூசி, மண், கசடு, பெரும்பாலான பாக்டீரியா இதில் நிற்கும். இரண்டாவது அல்ட்ரா ஃபில்ட்ரேஷன், சுருக்கமாக யு.எஃப். துளை ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கிலிருந்து நூறில் ஒரு பங்கு வரை இருக்கும். நம் தலைமுடியின் கனம் 70 மைக்ரான் அளவு என்றால் இது எவ்வளவு சிறிது என்று தெரியும். பாக்டீரியா, வைரஸ், எண்ணெய்த் துளி, கூழ்மம் எல்லாம் நிற்கும். ஆனால் தண்ணீரில் கரைந்துவிட்ட சாயம் நிற்காது. பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயத்தின் மூலக்கூறு இந்தத் துளையைவிடப் பல மடங்கு சிறிது. மாட்டுவண்டி போகிற கேட்டில் கோழிக்குஞ்சை மறிக்க முடியுமா? உப்பைப் பற்றிப் பேசவே வேண்டாம். யு.எஃப்.-க்குள் போன உப்பு அப்படியே வெளியே வரும்.

மூன்றாவது நானோ ஃபில்ட்ரேஷன். சாயம் இங்கே நிற்கும். சல்பேட் போன்ற உப்புகளும் பெரும்பாலும் நிற்கும். சமையல் உப்பு பெரும்பகுதி தாண்டிவிடும். நான்காவது ஆர்.ஓ. நம் வீட்டில், ஊரில் எல்லாம் பார்க்கிற அதே பெயர், அதே வேலை. சமையல் உப்பைக்கூட நூற்றுக்கு 98 பங்குக்கு மேல் நிறுத்திவிடும்.

ஆர்.ஓ. வேலை செய்கிற விதத்தை விவசாயிக்குச் சொல்வது சுலபம். மாங்காயில் உப்புப் போட்டு ஜாடியில் வைத்தால் மறுநாள் தண்ணீர் விட்டிருக்கும். உப்பு உள்ள பக்கம் தண்ணீரை இழுக்கும். யூரியாவை அளவுக்கு மேல் தூருக்கு அடியில் போட்டால் செடி கருகுவதும் அதனால்தான். மண்ணில் ஈரம் இருந்தும் வேரால் உறிஞ்ச முடியாது. வேரின் தோலும் ஒரு சவ்வுதான். ஆர்.ஓ.-வில் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். உப்புத் தண்ணீர் இருக்கும் பக்கம் பம்பு வைத்து அழுத்தி, நல்ல தண்ணீரை மட்டும் மறுபக்கம் பிழிகிறார்கள். பைக் டயரில் 30 பவுண்டு காற்று அடிக்கிறோம். உப்பு அதிகமுள்ள சாயக்கழிவைப் பிழிய 50 பார் அழுத்தம் வேண்டியிருக்கும், அது 700 பவுண்டுக்கு மேல். வேருக்கு அப்படி ஒரு பம்பு கிடையாது. ஆகவே உப்புத் தண்ணீர் பாய்ச்சினால் பயிர் தண்ணீரில் நின்றுகொண்டே தாகத்தில் வாடும்.

இப்போது உங்கள் சீட்டை எடுத்துக்கொள்வோம். அதில் இருப்பது இவ்வளவுதான்: கார அமில நிலை 7.9, கரைந்த உப்பு எனப்படும் டி.டி.எஸ். லிட்டருக்கு 1,980 மில்லிகிராம், பி.ஓ.டி. 18, சி.ஓ.டி. 190, நிறம் இல்லை. சுத்திகரிப்பு முறை என்ற இடத்தில் 'பயாலஜிக்கல், யு.எஃப்.' என்று எழுதியிருக்கிறது. அடியில் 'அனைத்தும் வரம்புக்குள்' என்று ஒரு முத்திரை.

முத்திரை பொய் சொல்லவில்லை. கழிவுநீரில் கரைந்த உப்புக்கு வரம்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம், சி.ஓ.டி.-க்கு 250. அவர்கள் எண்கள் அதற்குக் கீழேதான் இருக்கின்றன. ஆனால் அந்த வரம்பு, பட்டறைக்காரர் மேல் வழக்குப் போடலாமா என்று பார்ப்பதற்கான கோடு. உங்கள் வெங்காயத்துக்கு ஏற்றதா என்று பார்க்கிற கோடு வேறு. பாசன நீரை நாங்கள் மின்கடத்தும் திறனை, அதாவது இ.சி.-யை வைத்துத் தரம் பிரிப்போம். 0.75 வரை பயப்படத் தேவையில்லை. 0.75-லிருந்து 2.25 வரை உப்பு அதிகம், மண்ணையும் பயிரையும் பார்த்துத்தான் பாய்ச்ச வேண்டும். 2.25-க்கு மேல் மிக அதிகம். டி.டி.எஸ்.-ஐ 640-ஆல் வகுத்தால் இ.சி. ஏறக்குறையக் கிடைக்கும். உங்கள் சீட்டிலுள்ள 1,980-ஐ வகுத்தால் 3.1 வருகிறது. வாரியத்தின் வரம்பான 2,100-ஐ வகுத்தாலே 3.3. ஆக, வரம்புக்குள் இருக்கிற தண்ணீரும் பாசனக் கணக்கில் மிக மோசமான பிரிவில் விழுகிறது. இந்த ஒரு கணக்கை நொய்யல் கரையில் இருக்கும் ஒவ்வொரு விவசாயியும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும் என்பேன்.

எண்ணாகச் சொன்னால் மனதில் பதியாது, மூட்டையாகச் சொல்கிறேன். ஒரு ஏக்கரில் ஒரு அங்குலம் தண்ணீர் கட்டினால் ஒரு லட்சம் லிட்டருக்குச் சற்று மேல். லிட்டருக்கு 1,980 மில்லிகிராம் என்றால் அதில் சுமார் 200 கிலோ உப்பு. வாய்க்கால் பாசனத்தில் ஒரு தண்ணீருக்கு இரண்டு அங்குலம் என்று வைத்தால் 400 கிலோ, 50 கிலோ மூட்டையில் எட்டு மூட்டை. வருடத்துக்குப் பதினைந்து தண்ணீர் விட்டால் ஏக்கருக்கு 120 மூட்டை, ஆறு டன். தண்ணீர் ஆவியாகிப் போகும், பயிர் குடித்துவிடும். உப்பு எங்கும் போகாது. ஏக்கருக்கு 120 மூட்டை உப்பை லாரியில் கொண்டுவந்து இலவசமாகக் கொட்டுகிறோம் என்று ஒருவர் சொன்னால் சம்மதக் கடிதம் கொடுப்பீர்களா?

பயிருக்குப் பயிர் தாங்கும் சக்தி வேறு. வேர்ப் பகுதி மண்ணில் உப்பின் இ.சி. 7.7 வரை பருத்தி மகசூல் குறையாமல் தாங்கும். சோளம் 6.8 வரை. கடலை 3.2, தக்காளி 2.5, மக்காச்சோளமும் கரும்பும் 1.7, மிளகாய் 1.5, வெங்காயம் 1.2. உங்கள் சோளத்தட்டு ஓரிரு வருடம் நன்றாகவே வரும், பார்க்கிறவர்கள் 'ஒன்றும் ஆகவில்லையே' என்பார்கள். அந்த ஓரிரு வருடம்தான் ஆபத்தான காலம். உப்பு மண்ணில் ஏறிக்கொண்டே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது.

எந்த உப்பு என்பதும் முக்கியம். சாயம் நூலில் ஏறுவதற்காகத் தொட்டியில் லிட்டருக்கு 50-லிருந்து 100 கிராம் வரை சமையல் உப்போ சோடியம் சல்பேட்டோ போடுகிறார்கள். பிறகு சாயம் பிடித்துக்கொள்ள சோடா சாம்பல். எல்லாமே சோடியம். நூலில் சாயம் ஒட்டும், உப்பு ஒட்டாது, போட்டதெல்லாம் தண்ணீரோடு வெளியே வரும். சோடியம் அதிகமானால் களிமண் பாங்கான மண் இறுகிப்போகும். மழை பெய்தாலும் இறங்காது, மேலே நின்று காய்ந்து ஓடுபோல வெடிக்கும். செம்மண், கப்பி மண் என்றால் இறுக்கம் குறைவு, ஆனால் தண்ணீர் நேரே இறங்கி உங்கள் கிணற்றுக்குப் போய்விடும். உங்கள் கிணற்றோடு நிற்காது, பக்கத்துக் கிணற்றுக்கும் போகும். நீங்கள் போடும் கையெழுத்து பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கும் சேர்த்துப் போடுவது. அந்தச் சீட்டில் சோடியம், கால்சியம், மெக்னீசியம், பைகார்பனேட் ஒன்றுமே இல்லை. இவை இல்லாமல் பாசனத்துக்கு ஆகுமா என்று எந்த வேளாண் அலுவலராலும் சொல்ல முடியாது.

நிறம் இல்லாததைப் பற்றி. யு.எஃப். கரைந்த சாயத்தை நிறுத்தாது என்றேன். பிறகு நிறம் எப்படிப் போனது? சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்பேட்டும் போட்டுத் திரித்திருக்கலாம், குளோரின் விட்டு வெளுத்திருக்கலாம், நுண்ணுயிர்த் தொட்டியில் சிதைந்திருக்கலாம். வெளுப்பது என்றால் சாய மூலக்கூறு ஓரிடத்தில் உடைகிறது, நிறம் கொடுக்கும் கட்டு அறுகிறது, உடைந்த துண்டுகள் தண்ணீரிலேயே இருக்கின்றன. அசோ சாயம் காற்றில்லாத தொட்டியில் உடையும்போது அரோமேட்டிக் அமீன் என்ற பொருள்கள் உண்டாகும், அவற்றில் சில புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை. அவற்றுக்கு நிறம் கிடையாது. அப்படிப்பட்ட அமீன்களைத் தரும் அசோ சாயங்களை இந்தியாவிலும் 1990-களில் தடை செய்தார்கள். டம்ளரில் பிடித்துப் பார்ப்பது இதில் உதவாது.

பி.ஓ.டி. 18, சி.ஓ.டி. 190 என்ற இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். பி.ஓ.டி. என்பது தண்ணீரிலுள்ள கரிமப் பொருளில் நுண்ணுயிர் தின்னக்கூடியதைக் காட்டும் அளவு. சி.ஓ.டி. என்பது ரசாயனத்தால் எரிக்கக்கூடிய எல்லாவற்றையும் காட்டும். முன்னது 18, பின்னது 190 என்றால், மிஞ்சியிருப்பதில் பெரும்பகுதியை நுண்ணுயிரே தொட மறுக்கிறது என்று பொருள். சாணம் கரைத்த தண்ணீரில் இந்த இடைவெளி இவ்வளவு இருக்காது. நுண்ணுயிர் தின்னாததை உங்கள் மண்ணும் சீக்கிரம் தின்னாது.

இன்னொன்றும் உறுத்துகிறது. சாயப்பட்டறைகளின் மொத்தக் கழிவுநீரில் டி.டி.எஸ். 5,000-க்கு மேல் இருப்பது சாதாரணம். ஆர்.ஓ. இல்லாமல் அது 1,980-க்கு இறங்க எனக்குத் தெரிந்து இரண்டு வழிதான். உப்புத் தொட்டி நீரை விட்டுவிட்டு, கடைசியில் துணி அலசிய தண்ணீரை மட்டும் தனியாகப் பிடித்திருக்க வேண்டும். அல்லது நல்ல தண்ணீரை ஊற்றிக் கலந்திருக்க வேண்டும். முதலாவது என்றால், உப்புத் தொட்டி நீர் எங்கே போகிறது என்று கேளுங்கள். இரண்டாவது என்றால், கலப்பது சுத்திகரிப்பே இல்லை, உப்பின் எடை ஒரு கிலோ குறையாது.

'எங்கே போகிறது' என்ற கேள்வியைத்தான் சவ்வு வைத்த எவரிடமும் முதலில் கேட்க வேண்டும். சவ்வு அழுக்கை அழிப்பதில்லை. ஒரு தண்ணீரை இரண்டாகப் பிரிக்கிறது. லிட்டருக்கு 6 கிராம் உப்புள்ள கழிவுநீர் 100 லிட்டரை ஆர்.ஓ.-வில் விட்டு 85 லிட்டர் நல்ல தண்ணீர் எடுத்தால், மிச்சம் 15 லிட்டரில் ஏறக்குறைய அந்த 600 கிராம் உப்பும் இருக்கும். லிட்டருக்கு 40 கிராம். கடல் தண்ணீர் 35 கிராம்தான். சாயமும் மற்றக் கரிமப் பொருளும் அதே 15 லிட்டரில்தான் குவிந்திருக்கும். அதைக் கொதிகலனில் வற்றவைத்து, உப்பைப் பிரித்து, மீண்டும் சாயத்துக்கே பயன்படுத்துவதுதான் முறை. விறகும் மின்சாரமும் அங்கேதான் கரைகிறது. செலவு பிடிக்கும் இடமும் அது, திருட்டுத்தனம் நடக்கிற இடமும் அது.

உங்கள் பகுதிக்கு இந்தக் கதை புதிதில்லை. பாசனத்துக்கென்று நொய்யலின் குறுக்கே கட்டி 1992-ல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் குட்டையானதை நீங்கள் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள். நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். சொட்டுக் கழிவும் வெளியே விடக்கூடாது என்ற 'ஜீரோ டிஸ்சார்ஜ்' முறையை 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம் வலியுறுத்தியது, 2009-ல் உச்ச நீதிமன்றமும் விவசாயிகள் பக்கம் நின்றது. அப்படியும் கழிவு நிற்காததால் 2011 ஜனவரி 28-ல் திருப்பூரின் சாயப்பட்டறைகள் 700-க்கு மேல் மூடப்பட உத்தரவானது. அதன் பிறகுதான் ஆர்.ஓ.-வும் ஆவியாக்கிகளும் ஒழுங்காக ஓட ஆரம்பித்தன. ஓடுகிற இடங்களில் பிழிந்த தண்ணீர் திரும்பச் சாயத்துக்கே போகிறது, பிரித்த உப்புக் கரைசலும் திரும்பப் போகிறது. அதைச் செய்து காட்டிய தொழில்முனைவோரைப் பாராட்டத்தான் வேண்டும்.

அப்படிப் பார்த்தால் உங்களுக்கு வந்திருக்கும் தானம் விசித்திரமாக இல்லையா? நன்றாகச் சுத்தமான தண்ணீர் என்றால் பட்டறைக்காரரே வைத்துக்கொள்வார். அவரும் லாரித் தண்ணீரைக் காசு கொடுத்துத்தான் வாங்குகிறார். அவர் சாயத்துக்கு ஆகாத தண்ணீர்தான் உங்கள் வேலிக்கு வரும்.

ஆகவே அவரிடம் சண்டை போடாமல் மூன்று காகிதம் கேளுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொடுத்த இசைவாணையின் நகல் ஒன்று. கழிவுநீரை எப்படி அப்புறப்படுத்த வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும், நிலத்தில் பாய்ச்ச அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். ஜீரோ டிஸ்சார்ஜ் என்று போட்டிருந்தால் உங்கள் வேலி வரை குழாய் வருவதே விதிமீறல், சம்மதக் கடிதம் கொடுத்தவரும் பதில் சொல்லும்படி ஆகலாம். இரண்டாவது, சோடியம், கால்சியம், மெக்னீசியம், கார்பனேட், பைகார்பனேட், குளோரைடு, சல்பேட் எல்லாம் உள்ள முழுச் சோதனை. மூன்றாவது, ஒதுக்கிய கழிவு எங்கே போகிறது என்பதற்கான எழுத்து. கொடுக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். அதுவே பதில்.

அவர் கொடுக்கும் சீட்டை மட்டும் நம்ப வேண்டாம், நீங்களும் மாதிரி எடுங்கள். ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில், எண்ணெயோ மருந்தோ வைக்காதது. அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, காற்று இல்லாமல் விளிம்பு வரை நிரப்பி மூடி, தேதி, இடம் எழுதி ஒட்டுங்கள். பகலில் ஒன்று, இரவில் ஒன்று, ஒரு வாரம் கழித்து ஒன்று எடுத்தால்தான் உண்மை தெரியும். வேளாண் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் பாசன நீரையும் பார்ப்பார்கள். அங்கே உப்பும் சோடியமும்தான் தெரியும். சி.ஓ.டி. போன்ற கரிம மாசுக்கு வாரியத்தின் ஆய்வகமோ அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகமோதான். அதற்கான மாதிரியை ஐஸில் வைத்து அன்றே சேர்க்க வேண்டும். உங்கள் கிணற்று நீரையும் இப்போதே சோதித்துச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். நாளைக்கு வழக்கு என்று வந்தால், முன்பு எப்படி இருந்தது என்று காட்ட அது ஒன்றுதான் இருக்கும்.

கையில் பிடிக்கும் பேனா போன்ற டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கி வையுங்கள். உப்பை மட்டும்தான் காட்டும், சாயத் துண்டுகளைக் காட்டாது என்பதை மறக்க வேண்டாம்.

கையெழுத்துப் போட்ட அந்த இரண்டு பேரிடமும் இந்த இதழைக் கொடுங்கள். இன்னும் பாய்ச்ச ஆரம்பிக்கவில்லை என்றால் சம்மதத்தைத் திரும்பப் பெறுவதாக எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பலாம், நகல் வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு. பாய்ச்சிவிட்டார்கள் என்றால் நிறுத்திவிட்டு மண் மாதிரி எடுக்க வேண்டும். சோடியம் ஏறியிருந்தால் சோதனை சொல்லும் அளவுக்கு ஜிப்சம் போட்டு, வரப்பு உயர்த்தி, மழைத் தண்ணீரையோ நல்ல தண்ணீரையோ நிறுத்தி, வடிகால் வழியே வடிய விட வேண்டும். வடிகால் இல்லாமல் ஜிப்சம் மட்டும் போட்டால் பணம்தான் போகும். பிறகு தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழலாம். ஆடுமாடுகளை அந்தத் தண்ணீரைக் குடிக்க விடக் கூடாது. சல்பேட் லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் தாண்டினால் கழிச்சல் வரும்.

மாசிக்கு மேல் தண்ணீருக்கு என்ன செய்வது என்பீர்கள். உங்களுக்கு நாலரை ஏக்கர். ஐந்து ஏக்கருக்குள் இருப்பவர் சிறு விவசாயி, சொட்டுநீருக்கு அரசு நிர்ணயித்த செலவில் 100 சதவீத மானியம் உண்டு. தென்னைக்கு முதலில் போடுங்கள், மட்டையையும் சருகையும் தூரைச் சுற்றிப் பரப்புங்கள். கோடையில் வெங்காயத்தை விட்டுவிட்டு, இருக்கிற தண்ணீருக்கு அரை ஏக்கர் தட்டு மட்டும் விதையுங்கள். வருமானம் குறையும்தான். கிணறு மிஞ்சும்.

இதே விஷயத்தை ஒட்டி இன்னொரு கேள்வி, திண்டுக்கல் மாவட்டத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியது.

கேள்வி: வீட்டில் ஆர்.ஓ. மெஷின் வைத்திருக்கிறோம். ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு இரண்டு குடம் வேஸ்ட் தண்ணீர் போகிறது. வீணாகிறதே என்று கத்தரி, தக்காளி, முருங்கைக்கு ஊற்றுகிறேன். இலை ஓரம் காய்கிறது. இதனால்தானா?

பதில்: பெரும்பாலும் இதனால்தான் அம்மா. ஒரு குடத்துக்கு இரண்டு குடம் ஒதுக்கினால், ஒதுக்கிய தண்ணீரில் உங்கள் போர் தண்ணீரில் உள்ளதைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு உப்பு. போர் தண்ணீரே 1,500 டி.டி.எஸ். என்றால் இது 2,200-க்கு மேல். சாயக்கழிவில் உள்ள ரசாயனம் இதில் இல்லை, அந்தப் பயம் வேண்டாம். பாத்திரம் கழுவ, தரை துடைக்க, கழிப்பறைக்கு ஊற்றுங்கள். போர் தண்ணீர் 500-க்குள் இருந்தால் செடிக்கும் ஊற்றலாம். அதற்கு மேல் என்றால் தொட்டிச் செடிக்குக் கூடவே கூடாது, உப்பு இறங்க இடமில்லை. தென்னை இருந்தால் தூருக்கு ஊற்றலாம், ஓரளவு தாங்கும். இப்போது காய்கிற தக்காளிக்கு மூன்று நாள் விட்டு மூன்று நாள், நல்ல தண்ணீரைக் கொஞ்சம் கூடுதலாகவே ஊற்றி அடியில் வடிய விடுங்கள். புது இலையின் ஓரம் காயாமல் வந்தால் சரியாகிவிட்டது.